மவுண்டன் போர்டு: முதல் போர்டு வாங்குவதும் முதல் சரிவில் இறங்குவதும்

சரிவில் நின்றபடி உருண்டு இறங்குவதற்கான மவுண்டன் போர்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு நீளப் பலகை, காற்றடித்த நான்கு டயர், பாதத்தை நுழைக்க இரண்டு பட்டை, இவ்வளவுதான் இருக்கும். பிரேக் இருக்காது. பிரேக்கைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் பெரும்பாலான போர்டுகள் அது இல்லாமல்தான் விற்பனைக்கு வருகின்றன. அப்படியானால் எப்படி நிற்பது? எந்தச் சரிவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதில் எவ்வளவு உயரத்திலிருந்து புறப்படுகிறீர்கள், போர்டை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் இந்த விளையாட்டின் பிரேக். வாங்கும்போதும் கற்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த விளையாட்டு முளைத்தது. பனி உருகிப்போன மாதங்களிலும் மலைச்சரிவில் இறங்க ஆசைப்பட்டவர்கள் உருவாக்கியது இது. அதனால் நிற்கும் விதமும் திரும்பும் விதமும் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டைப் போலவே இருக்கும். சக்கரமும், அதைத் தாங்கித் திருப்பும் டிரக்கும் ஸ்கேட்போர்டு வழியில் வந்தவை. இரண்டில் ஒன்று தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். இரண்டுமே தெரியாதவர்களும் ஒரே நாளில் புல்சரிவில் திரும்பி நிற்கக் கற்றுக்கொள்ளலாம்.

எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் நிற்கும் பலகைக்கு டெக் என்று பெயர். பல அடுக்கு மரத்தை ஒட்டி வளைத்தவை அதிகம். விலை கூடியவற்றில் மூங்கிலும் கண்ணாடியிழையும் சேர்ந்திருக்கும். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். டெக்குக்கு அடியில் இரண்டு டிரக். போர்டை ஒரு பக்கம் சாய்த்தால் சக்கரங்கள் அந்தப் பக்கம் திரும்பும்படி செய்வது டிரக்தான். டிரக்கில் இரண்டு வகை உண்டு. ஸ்கேட்போர்டில் இருப்பது போல நடுவில் ஒரு பெரிய போல்ட்டும் அதைச் சுற்றி ரப்பர் புஷ்ஷும் கொண்டது முதல் வகை. இரண்டாவது, இருபக்கமும் ஸ்பிரிங் வைத்து, அதற்குள் ரப்பர் போன்ற டாம்பர் சொருகிய சேனல் டிரக். முதல் வகை எளிமையானது, பராமரிப்பும் குறைவு. இரண்டாவதில் டாம்பரை மாற்றி, உடல் எடைக்கு ஏற்றபடி இளக்கவும் இறுக்கவும் முடியும். குழந்தைக்கு வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. காரணம் கீழே வருகிறது.

டயர் பொதுவாக 8 அங்குல விட்டம், 2 அங்குல அகலம். பக்கவாட்டில் 200x50 என்றும் போட்டிருக்கும். 9, 10 அங்குல டயரும் உண்டு. அவை கரடுமுரடான நிலத்தில் சுகமாக ஓடும், ஆனால் வேகம் பிடிக்கும், நிற்கும் உயரமும் கூடும். தொடக்கத்துக்கு 8 அங்குலமே சரி. டயருக்குள் சைக்கிள் போலவே டியூப். நடுவில் இரண்டு பாதியாகப் பிரியும் ஹப். ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங், ஆக மொத்தம் எட்டு.

பாதத்தைப் பிடித்துவைப்பது பைண்டிங். ஸ்னோபோர்டைப் போல பூட்டிவிடுவதில்லை. தடித்த பட்டைக்கு அடியில் ஷூவை நுழைக்கிறோம், அவ்வளவே. குதிகாலுக்குப் பட்டை வைத்த வகை தாண்டிக் குதிப்பவர்களுக்கு. கற்கும்போது அது வேண்டாம். விழும்போது கால் வெளியே வர வேண்டும்.

கடையில் இதே தோற்றத்தில் வேறு இரண்டு பொருட்களும் இருக்கும். ஒன்று, பட்டம் கட்டி இழுத்துச் செல்லும் கைட் லேண்ட்போர்டு: டெக் அகலம், நடுவில் கைப்பிடி, டிரக் விறைப்பு. சரிவில் உடல் சாய்த்துத் திருப்ப அது அவ்வளவாக ஒத்துழைக்காது. இன்னொன்று மோட்டார் வைத்த எலக்ட்ரிக் போர்டு. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து எடை வெகுவாகக் கூடிவிடும். கற்றுக்கொள்ளாத குழந்தையின் காலடியில் அது இருக்கக் கூடாது.

குழந்தைக்கு: வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்

பெட்டியில் அச்சிட்ட வயதை நம்பி வாங்கிவிடுவதும், 'வளர்ந்த பிறகும் உதவுமே' என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதும்தான் வழக்கமாக நடக்கும் தவறுகள். இரண்டாவது தவறு முதலாவதை விட மோசம். சட்டை பெரிதாக இருந்தால் மடித்துவிடலாம். போர்டு பெரிதாக இருந்தால் திரும்பாது. 75 கிலோ ஆளுக்காக வைத்த ஸ்பிரிங்கையும் டாம்பரையும் 25 கிலோ குழந்தையால் அழுத்த முடியாது. குழந்தை எவ்வளவு சாய்ந்தாலும் போர்டு நேராகவே ஓடும். நேராக ஓடும் போர்டில் நிறுத்த வழி கிடையாது. குழந்தை பயந்து போவதும், 'இவனுக்கு இது வராது' என்று பெற்றோர் முடிவுகட்டுவதும் இதனால்தான். குறை குழந்தையிடம் இல்லை.

டெக் நீளத்துக்கு ஒரு தோராயம் சொல்லலாம். சின்னக் குழந்தைகளுக்கு 70 முதல் 80 செ.மீ. பத்து வயதை ஒட்டியவர்களுக்கும் உயரம் குறைந்த பெரியவர்களுக்கும் 90 செ.மீ. வளர்ந்தவர்களுக்கு 95 செ.மீ. அல்லது கொஞ்சம் கூடுதல். நீளத்தைவிட இரண்டு பைண்டிங்குக்கும் இடையே உள்ள தூரம்தான் உண்மையான அளவு. குழந்தை இரண்டு காலையும் மாட்டி நிற்கும்போது பாதங்கள் தோள் அகலத்துக்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ விரிந்திருக்க வேண்டும். கால் அகட்டிக்கொண்டு முழங்காலை மடக்க முடியாமல் நின்றால் போர்டு பெரியது.

கடையிலோ, பழைய போர்டு விற்பவர் வீட்டிலோ ஐந்து நிமிடத்தில் இதையெல்லாம் சோதித்துவிடலாம். வழக்கமாகப் போடும் ஷூவுடன் குழந்தையைக் கூட்டிச் செல்லுங்கள். போர்டை வழுக்காத தரையில் வைத்து, முன்னும் பின்னும் உருளாமல் நீங்கள் காலால் தடுத்துக்கொண்டு, குழந்தையை ஏறி நிற்கச் சொல்லுங்கள். டெக் நடுவில் கொஞ்சமாவது அமிழ வேண்டும். துளியும் வளையாமல் கல் போல் இருந்தால் அந்த எடைக்கு அது ஏற்றதல்ல. பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தின் விரல்களை நோக்கிச் சாயட்டும். குனிந்து சக்கரங்களைப் பாருங்கள். சாய்ந்த பக்கத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று நெருங்கி வர வேண்டும், எதிர்ப்பக்கத்தில் விலக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு நகரவில்லை என்றால், டாம்பரை எடுத்துவிட்டோ மென்மையானதை மாற்றியோ சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் போர்டை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, குழந்தையே அதைத் தூக்கி இருபது அடி நடக்கட்டும். 5 கிலோ போர்டு 25 கிலோ குழந்தைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் அதைச் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். நாலாவது ஏற்றத்தில் போர்டு உங்கள் தோளுக்கு வந்துவிடும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய போர்டு வாங்குவது நல்ல யோசனை. குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் அதிகம் ஓடாத போர்டுகள் கைமாற வரும். பார்க்க வேண்டியவை: டெக்கில் டிரக் போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, ஓரத்தில் மர அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா, ஹப்பில் போல்ட் துளைக்கு அருகே கீறல் உண்டா, டயர் பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருக்கிறதா. ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். கரகரவென்று அரைத்தால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றிக்கொள்ளலாம், விலையில் பேசிக் குறையுங்கள். சக்கரம் சுழலும் அச்சான ஆக்சில் வளைந்திருந்தால் பேச்சே வேண்டாம். சமதரையில் மெல்லத் தள்ளிவிடுங்கள். நான்கு டயரிலும் ஒரே காற்று இருந்தும் ஒரு பக்கமாக இழுத்தால் ஆக்சில் மீதுதான் முதல் சந்தேகம். டயர், டியூப், பேரிங் தனியாகக் கிடைக்கும் மாடலா என்பதையும் விசாரித்துவிடுங்கள். உதிரிபாகம் கிடைக்காத மலிவான போர்டு முதல் பஞ்சரோடு மூலைக்குப் போய்விடும்.

பிரேக் வைத்த போர்டு வேண்டுமா என்ற கேள்வி பெற்றோரிடமிருந்து கட்டாயம் வரும். நீளமான மலைப்பாதையில் இறங்கும் பெரியவர்களுக்கு அது பயன்படும். குழந்தைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பிரேக்கைப் பிடித்தபடியே இருக்கும் குழந்தை, போர்டைத் திருப்பி வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொள்ளாது. கேபிள் அறுந்த அன்று அதன் கையில் வேறு எதுவும் இருக்காது.

உடம்பைக் காக்கும் சாமான்கள்

பணம் குறைவாக இருந்தால் போர்டில் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் பொதுவான ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078 அல்லது அமெரிக்கச் சைக்கிள் தரமான சிபிஎஸ்சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே ஓரம் வர வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் கூடாது. தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் தனியாகச் சுழலக் கூடாது. குழந்தை வளரும் என்று இதையும் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். வெள்ளை நுரை வைத்த சைக்கிள் ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடிபட்டால் அதோடு சரி. வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

அடுத்தது மணிக்கட்டைக் காக்கும் ரிஸ்ட் கார்டு. விழப்போகிறோம் என்றதும் கையை நீட்டுவது உடம்பின் இயல்பு. அதனால் மணிக்கட்டு எலும்பு முறிவது இந்த விளையாட்டில் எப்போதும் உள்ள ஆபத்து. உள்ளங்கைப் பக்கம் விறைப்பான தகடு வைத்ததாகப் பாருங்கள். பிறகு முழங்கால் பேட், முழங்கை பேட். இடுப்புக்கும் பிட்டத்துக்கும் பஞ்சு வைத்த உள் அரைக்கால்சட்டையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் நாள் நீங்கள் அதிகம் விழப்போவது அந்த இடத்தில்தான்.

ஷூ தட்டையான அடியுடன், கணுக்காலை மூடுவதாக இருந்தால் நல்லது. லேஸை உள்ளே சொருகிவிடுங்கள், சக்கரத்தில் மாட்டும். முழுக்கை, முழுக்கால் துணி போடுங்கள்.

காற்றும் நட்டும்

காற்று குறைவாக இருந்தால் போர்டு மெதுவாக உருளும், குலுக்கல் குறையும், நிலத்தைக் கவ்வும். தொடக்கத்தில் மூன்றுமே நமக்கு வேண்டியவை. பெரியவர்களுக்கு 20 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), குழந்தைகளுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்குங்கள். அதற்கும் கீழே போனால் ஒரு கல்லில் ஏறும்போது டியூப் ஹப்புக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். மேல் எல்லை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டவே கூடாது.

சைக்கிள் கைப்பம்பால் அடியுங்கள். டியூப் மிகச் சின்னது. பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் அளவு மீறிவிடும். பம்பைக் கழற்றும்போது வரும் 'உஷ்' சத்தத்திலேயே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போய்விடும் என்பதால் அதைச் சேர்த்தே அடிக்க வேண்டும். நான்கு டயரிலும் அளவு ஒன்றாக இருக்கட்டும். இடப்பக்கம் 15, வலப்பக்கம் 25 என்றிருந்தால் போர்டு இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுபவர் தன் கால் மீது சந்தேகப்படுவார்.

ஆக்சில் நட்டை முழுக்க முறுக்கி இறுக்காதீர்கள், பேரிங் நசுங்கிச் சக்கரம் ஜாம் ஆகும். இறுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பி விடுங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டுதான் அங்கே இருக்க வேண்டும். விரலாலேயே திருக முடிகிற அளவுக்கு அது தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள்.

பைண்டிங்கின் பட்டை பாதத்தின் மேட்டுப் பகுதியில் உட்கார வேண்டும், விரல்களின் மேல் அல்ல. விரல் நுனியும் குதிகாலும் டெக்கின் இருபக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக நீட்டியிருந்தால் அந்தப் பக்கம் சுலபமாகத் திரும்பும், மறுபக்கம் மக்கர் செய்யும். குதிகாலைத் தூக்கி இழுத்தால் கால் வெளியே வரும் அளவுக்கே இறுக்கம் போதும்.

சரிவைத் தேர்ந்தெடுப்பது

வெட்டிய புல் உள்ள, கல் இல்லாத, அகலமான சரிவு. கீழே நீண்ட சமதளம்; அது லேசாக எதிர்மேடாக ஏறினால் அதைவிடச் சிறப்பு. கீழே சாலை, வேலி, குளம், மரம் இருக்கும் சரிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நிலம் யாருடையதோ அவரிடம் அனுமதி கேளுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எலி வளை, தண்ணீர்க் குழாய், கம்பி, உடைந்த கண்ணாடி எல்லாம் புல்லுக்குள் மறைந்துதான் இருக்கும்.

சாய்வை அளக்க மொபைலில் இருக்கும் லெவல் கருவி போதும். நீளமான குச்சியைத் தரையில் கிடத்தி அதன்மேல் போனை வையுங்கள். 5 டிகிரியை ஒட்டியிருந்தால் தொடங்கலாம். 10 டிகிரி என்பது பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் பத்து மீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 1.7 மீட்டர் கீழே இறங்கியிருப்பீர்கள்.

வேகத்தின் உச்சத்தை முடிவுசெய்வது சரிவின் நீளமல்ல, நீங்கள் இறங்கும் உயரம். 1 மீட்டர் உயரம் இறங்கினால், உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 16 கி.மீ.யைத் தாண்ட முடியாது. 3 மீட்டர் இறங்கினால் அந்த எல்லை மணிக்கு 28 கி.மீ. புல் இழுத்துப் பிடிப்பதால் உண்மையில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். இந்தக் கணக்குக்கு உடல் எடை தேவையே இல்லை. உராய்வை விட்டுவிட்டால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே எல்லைதான். ஆகவே உச்சியிலிருந்து தொடங்காதீர்கள். 5 டிகிரிச் சரிவில் அடியிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு மீட்டர் மேலே நடந்தால் 1 மீட்டர் உயரம். முதல் முறை அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். அங்கே ஒரு கொடியோ பையோ வையுங்கள். திரும்பி நிற்க வந்த பிறகு அந்தக் கொடி இரண்டிரண்டு மீட்டராக மேலே போகட்டும்.

போர்டைக் கீழே வைக்கும்போதெல்லாம் சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். ஆளில்லாமல் உருண்டு ஓடும் 6 கிலோ போர்டு கீழே நிற்பவரின் காலை உடைத்துவிடும்.

முதல் இறக்கம்

முதலில் எந்தக் கால் முன்னால் என்று தீர்மானிக்க வேண்டும். பின்னாலிருந்து யாராவது எதிர்பாராமல் மெல்லத் தள்ளினால் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறீர்களோ அதுவே பெரும்பாலும் முன்கால். இடதுகால் முன்னால் என்றால் ரெகுலர், வலதுகால் என்றால் கூஃபி. சந்தேகமாக இருந்தால் இரண்டு விதத்திலும் நின்று பாருங்கள், எது இயல்பாக இருக்கிறதோ அது.

சமதளத்தில் பத்து நிமிடம் செலவழியுங்கள். இரண்டு காலையும் மாட்டி, முழங்காலை மடக்கி, கையைத் தளர்வாக விட்டு, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து பழகுங்கள். இடுப்பிலிருந்து குனிவது வேறு, முழங்காலை மடக்குவது வேறு, வேண்டியது இரண்டாவது. பிறகு விழுந்து பழகுங்கள். முன்னால் விழுந்தால் முழங்கால் பேட் முதலில் தரையைத் தொட வேண்டும், அப்புறம் முன்கை, பிறகு சறுக்கல். பின்னால் விழுந்தால் குந்தி உட்கார்ந்து, பிட்டம் தொட்டதும் தாடையை மார்போடு ஒட்டி முதுகில் உருள வேண்டும். கையை நீட்டி ஊன்றக் கூடாது. இதைப் புல்லில் பத்துமுறை செய்தால் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே ஆகிவிடும்.

இப்போது கொடிக்கு நடந்து போங்கள். போர்டைச் சரிவுக்குக் குறுக்காக வைத்தால் உருளாது. மேட்டுப் பக்கம் நின்று முன்காலை மாட்டி, பிறகு பின்காலை மாட்டுங்கள். குழந்தை என்றால் துணைக்கு ஒருவர் பக்கவாட்டில் நின்று முன்கையைப் பிடித்து நடக்க வேண்டும். எதிரில் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவரின் கணுக்காலில் போர்டு வந்து மோதும்.

முன்முனையை மெல்லக் கீழ்நோக்கித் திருப்புங்கள். போர்டு உருள ஆரம்பித்ததும் உடம்பு ஒரு காரியம் செய்யும்: பயந்து பின்னால் சாயும். எல்லோருக்கும் இது நடக்கும். சாய்ந்தால் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும். முன்சக்கரம் லேசாகித் தரையைக் கவ்வாது. கவ்வாத சக்கரத்தால் திருப்ப முடியாது. திரும்பாததால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் பின்னால் சாய்வீர்கள். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, எடையில் பாதிக்கு மேல் முன்காலில் வைப்பது. முன்கையைப் போர்டின் மூக்குக்கு நேராக நீட்டிச் சுட்டிக்காட்டச் சொன்னால் குழந்தைகளின் எடை தானாகவே முன்னால் வந்துவிடும். பார்வை காலடியில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

நேராக இறங்கிச் சமதளத்தில் தானாக நிற்பதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். அதன் பிறகு பாடத்தின் முக்கியமான பகுதி தொடங்குகிறது.

மேட்டை நோக்கித் திரும்புவது

குறுக்காக, லேசாகக் கீழ்நோக்கி ஓடுங்கள். இரண்டு மீட்டர் போனதும் மேட்டுப் பக்கம் தலையைத் திருப்புங்கள். தோள் தலையைத் தொடரும், இடுப்பு தோளைத் தொடரும். குதிகால் மேட்டுப் பக்கம் இருந்தால் நாற்காலியில் உட்காரப் போவது போலக் குதிகாலில் எடையை விடுங்கள். முன்சக்கரம் புல்லை ஒதுக்கிக்கொண்டு வளையும். டயரின் உள்ஓரம் புல்லை அழுத்தும் சரசரப்புக் கேட்கும். பிறகு வேகம் சட்டென்று வடியும், கால்களுக்கு அடியில் போர்டு கனத்துப்போனது போல இருக்கும். அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள்: போர்டு மறுபடி சரிவுக்குக் குறுக்காக இருக்கும்போதே, மேட்டுப் பக்கம் அப்படியே உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் திரும்பட்டும் என்று விட்டால் முனை மேலே பார்த்து நின்று, போர்டு பின்னோக்கி உருளத் தொடங்கும். முதல் நாளில் அந்த உருளல்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கும்.

இதையே மறுபக்கம், விரல்கள் மேட்டைப் பார்க்க, செய்து பழகுங்கள். முழங்காலைத் தரையை நோக்கித் தள்ளுவது போல அழுத்த வேண்டும். நிற்கும்போது முழங்கால் பேட்டில் மண்டியிட்டுவிடலாம். பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் சீக்கிரம் வரும், மற்றது அடம்பிடிக்கும். அடம்பிடிக்கும் பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்தவருக்கு அரைப் பிரேக்தான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் நிற்க வந்ததும் அவற்றைக் கோத்துவிடுங்கள். குறுக்காக ஓடி, மேட்டை நோக்கி வளைந்து வேகம் வடிந்ததும், நிற்காமல் முனையைக் கீழே விட்டு எதிர்ப்பக்கம் வளையுங்கள். மேலிருந்து பார்த்தால் புல்லில் எஸ் வடிவில் தடம் விழும். தடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகக் கட்டுப்பாடு. வேகம் அதிகமாகத் தோன்றுகிறதா, அகலமாக வளையுங்கள்.

போர்டைச் சரிவுக்குக் குறுக்காகச் சடாரென்று திருப்பி நான்கு சக்கரத்தையும் சறுக்க விட்டு நிறுத்தும் பவர் ஸ்லைடு இதற்குப் பிறகுதான். குதிகால் பக்கம் தாழக் குந்தி, கையுறை போட்ட பின்கையை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து, தோளைத் திருப்பிக்கொண்டே பின்காலால் வால்பகுதியைக் கீழ்ச்சரிவுப் பக்கம் தள்ள வேண்டும். பயத்தில் தள்ளுவதைப் பாதியில் நிறுத்தினால் டயர் திடீரென்று கவ்வும், ஆள் சரிவின் கீழ்ப்பக்கம் தூக்கி எறியப்படுவார். தள்ள ஆரம்பித்தால் முடித்துவிட வேண்டும். ஈரமான புல்லில் சறுக்குவது சுலபம் என்பதால் இதைப் பழக அது நல்லது. ஆனால் அதே ஈரத்தில் சாதாரணத் திருப்பத்திலும் சக்கரம் வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கோளாறும் காரணமும்

வேகத்தில் போர்டு இடமும் வலமுமாக உதறினால் எடை பின்னால் இருக்கிறது, அல்லது டிரக் மிகவும் தளர்வாக இருக்கிறது. முதலில் முன்காலை அழுத்திப் பாருங்கள். அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் புஷ்ஷைக் கால் சுற்று இறுக்குங்கள் அல்லது கடினமான டாம்பர் போடுங்கள். உதறும்போது விறைத்து நிற்பதுதான் அதை மோசமாக்குவது.

பாதம் மரத்துப்போனால் பைண்டிங் இறுக்கம் அதிகம், அல்லது ஷூவுக்குள் விரல்களைச் சுருட்டிப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் காற்றைப் பாருங்கள், பிறகு இருபக்க ஸ்பிரிங்கும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள், கடைசியாக ஆக்சில்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை இழுத்துப் பிடிக்காதீர்கள். இறங்குவதைவிட ஏறுவதில்தான் கால் களைக்கிறது. களைத்த கால் மடங்காது. 'கடைசியா ஒரு தடவை' என்று கேட்டால், அந்தத் தடவை கொடியை முதல் இடத்துக்கு இறக்கிவிடுங்கள்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள், ஹெல்மெட் நன்றாக இருந்தாலும் சரி. தலைவலி கூடினாலோ, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் இருந்தாலோ உடனே மருத்துவமனை. கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டில் ஒரு சின்னக் குழி விழுமே, அங்கே அழுத்தினால் வலித்தால் வீக்கம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அங்குள்ள எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு.

பஞ்சர் போடுவது

ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்: ஹப் போல்ட்டைத் தொடும் முன் காற்றை முழுக்க இறக்குங்கள். ஹப்பின் இரண்டு பாதியையும் உள்ளிருக்கும் அழுத்தம் பிரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றோடு போல்ட்டைத் தளர்த்தினால் கடைசிப் போல்ட்டில் அது வெடித்துப் பிரியும்.

வால்வை அழுத்தி, டயர் கையில் துவளும்வரை காற்றை விடுங்கள். ஆக்சில் நட்டைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் எந்த வாஷர் எந்த வரிசையில் வந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய வாஷர் ஒன்று தவறினால் ஹப் டிரக்கில் உரசும். போல்ட்டுகளைக் கழற்றி ஹப்பைப் பிரித்து டியூபை எடுத்த பிறகு, டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த இறக்கத்திலேயே மறுபடி பஞ்சர்.

புது டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து டயருக்குள் வையுங்கள். வால்வை ஹப் துளைக்கு நேராகக் கொண்டுவந்து, இரு பாதியையும் சேர்த்து, சுற்றிலும் விரல் விட்டு டியூப் எங்கும் இடுக்கில் மாட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 10 பிஎஸ்ஐ அடித்ததும் நிறுத்தி, டயர் ஓரம் சுற்றிலும் ஹப்பில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் புடைத்திருந்தால் காற்றை இறக்கிவிட்டுச் சரிசெய்யுங்கள். பிறகே முழு அளவு.

ஓட்டி முடித்த ஒவ்வொரு நாளும் துணியால் துடைத்து, சக்கரத்தில் சுற்றிய புல்லை எடுத்து, நட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள். அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். பேரிங்கின் மூடியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடிக்கும்.

குழந்தையின் போர்டு சிறிதாகிவிட்டது என்பதற்கு மூன்று அடையாளங்கள். திரும்பும்போது ஷூவின் நுனி புல்லைத் தொடுகிறது. நின்றாலே டெக் நடு தாழ்ந்து, சின்ன மேட்டிலும் அடி தட்டுகிறது. கடினமான டாம்பர் போட்ட பிறகும் வேகத்தில் உதறல் நிற்கவில்லை. இதில் இரண்டு தெரிந்தாலே அடுத்த அளவு தேடும் நேரம் வந்துவிட்டது.